ஸ்பீக்கர் கழற்றிய லப்டொப்

இது நடந்தது. போன மாசி மாதம், சண்டிலிப்பாயில், எங்கள் வீட்டு முன்னறையில், எனக்கு நடந்தது. "பயத்திலை உனக்கு அப்பிடிக் கேட்டிருக்கும்" என்று சொன்ன இரண்டு பேரோடு நான் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது கேட்டபோது எனக்குப் பயமே இருக்கவில்லை. கோபம்தான் இருந்தது. இதை எழுதும்போதும் அந்தக் கோபம் முழுதாக ஆறவில்லை.

என் பெயர் துஷாந்தினி. கம்பஸ் முடித்துவிட்டு ஒன்றரை வருடம் வீட்டில் இருந்த எனக்கு வந்த முதல் நேர்முகத்தேர்வு அது. லண்டன் கம்பனி, வீட்டிலிருந்தே செய்யும் வேலை. வியாழக்கிழமை இரவு ஏழரைக்குத் தேர்வு. கமரா, குரல், செய்து காட்டும் வேலை எல்லாம் ஒரே கணினியில் இருக்க வேண்டும், அறையில் வேறு ஒருவரும் இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். நல்ல நேரம் பார்த்து என் பழைய கணினி அந்த வாரம் செத்துப்போனது.

பெரியம்மாவின் மகன் சயந்தன் அண்ணை சுன்னாகத்தில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறார். பருத்தித்துறையில் கோபிசங்கர் என்ற ஒருவரிடம் பாவித்த லப்டொப் ஒன்றை வாங்கினார். உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து, லினக்ஸ் போட்டு, புதன்கிழமை கொண்டுவந்து தந்தார்.

"விண்டோஸ் உதுக்குப் பாரம். லினக்ஸ் எண்டாப் பறக்கும்" என்றார். பறந்தது என் நிம்மதிதான்.

வியாழன் பின்னேரம் ஐந்து மணிக்கு அதன் முன்னால் உட்கார்ந்தேன். அம்மாவும் அப்பாவும் மானிப்பாயில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். வைஃபை பிடிக்கவில்லை. அதற்கு வேண்டிய டிரைவர் இல்லையாம். டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும். தலையில் அடித்துக்கொண்டு, போனை வயரால் கொழுவி இணையம் எடுத்தேன். அடுத்து டச்பாட் அசையவில்லை, மவுஸ் குத்தினேன். மணிக்கூடு ஐந்தரை மணித்தியாலம் முந்தி ஓடியது, அதையும் திருத்தினேன். இணையத்தில் யார் யாரோ எழுதி வைத்த கட்டளைகளை வரி வரியாகத் தட்டித் தட்டி விரல் நொந்தது. எல்லாம் வழிக்கு வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. ஒலிக்கருவி எதுவும் இல்லை என்றே காட்டிக்கொண்டிருந்தது.

சயந்தன் அண்ணைக்கு எடுத்தேன்.

"அண்ணை, சத்தம் வரேல்லை."

"ஒருக்கா நிப்பாட்டிப் போடு."

"மூண்டுதரம் நிப்பாட்டிப் போட்டாச்சு!"

"கடையிலை சனம் நிக்குது. பிறகு எடுக்கிறன்." வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மணி 6.20. லப்டொப்பின் பக்கத்துத் துவாரத்தால் சூட்டுக் காற்று வந்தது. அதில் ஒரு மணம். குனிந்து முகர்ந்தேன். கணவாய் பொரிக்கும் மணம். எங்கள் வீட்டு அடுப்பில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் ஏறுவதே இல்லை. பக்கத்து வீட்டில் பொரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

6.35. மூடியை அடித்து மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மூடி திறந்திருந்தது. கமராவின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பழைய சாமானை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கோபிசங்கரையும் சேர்த்துத் திட்டினேன்.

வெளியே இருட்டுப்படும் மைமல் நேரம். மின்விளக்கைப் போட்டேன்.

6.48. "டங்..."

செம்பைத் தரையில் வைக்கும் சத்தம். லப்டொப்புக்குள் இருந்து வந்தது. சத்தம் வந்துவிட்டது என்று நான் கதிரையில் இருந்து துள்ளி எழும்பினேன். திரையைப் பார்த்தேன். ஒலிக்கருவி எதுவும் இல்லை. அப்படியேதான் காட்டியது.

கதவு சாத்தும் சத்தம்... பிறகு ஒரு பெண் குரல்.

"ராசா... வாடா அப்பன்..."

நான் திறந்திருந்த எல்லாவற்றையும் மூடினேன். குரல் நிற்கவில்லை.

"வந்து சாப்பிடு ராசா... வா..."

இது சயந்தன் அண்ணையின் வேலைதான். கடையில் இருந்துகொண்டே என் கணினிக்குள் புகுந்து பகிடி விடுகிறார். என் வாழ்க்கையே இன்றைக்கு ஏழரையில் தொங்குகிறது, இவருக்குப் பகிடி. எனக்குக் கண்மண் தெரியவில்லை. திரைக்குக் கிட்டப் போய், தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஒருத்தரும் வரமாட்டினம்! கத்தாமல் போங்கோ!"

குரல் நின்றது. பாதிச் சொல்லில் நின்றது. மணி 6.52.

உடனே அண்ணைக்கு எடுத்துக் கிழித்தேன்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? நான் இவ்வளவு நேரமும் ஆக்களோடை நிக்கிறன். சத்தம் வந்ததோ? உதிலை ஸ்பீக்கரே இல்லையடி. பழுதெண்டு நான்தான் கழட்டினனான். ஹெட்செட் குத்தினாத்தான் கேக்கும்."

"உதை முதலே சொல்ல உங்களுக்கு வாய் இல்லையோ?"

"மறந்துபோனன்."

முதலில் கோபம்தான் வந்தது. ஒரு மணித்தியாலம் இல்லாத ஸ்பீக்கரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

ஸ்பீக்கர் இல்லை என்றால்... நான் கேட்டது?

யோசிக்க நேரம் இல்லை. ஹெட்செட் குத்தினேன். ஏழரைக்குச் சரியாக லண்டன் பெண் திரையில் வந்தார். நன்றாகத்தான் போனது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அவர் தலையசைத்தார். வேலை கிடைத்துவிடும் என்றே தோன்றியது.

திடீரென்று அவர் பேச்சை நிறுத்தினார். என் தோளுக்கு மேலால் பார்த்தார்.

"உங்களுக்குப் பின்னால் இருப்பவரை வெளியே போகச் சொல்லுங்கள்."

திரும்பினேன்.

சுவர். வெறும் கதிரை.

"இங்கே ஒருவரும் இல்லை" என்றேன்.

"இருக்கிறார். இப்போது எழும்புகிறார்."

எனக்குப் பின்னால் கதிரை கிரீச்சிட்டது...

நான் திரும்பவில்லை.

"விதிமுறை விதிமுறைதான். மன்னிக்கவும்." திரை கறுத்தது. 7.43.

அம்மாவும் அப்பாவும் வரும்வரை முற்றத்தில் நின்றேன்.

காலையில் மின்னஞ்சல் வந்தது. வேலை இல்லை. அந்தக் கோபத்தில் பயமெல்லாம் ஓடிவிட்டது. சயந்தன் அண்ணையிடம் கோபிசங்கரின் நம்பர் வாங்கி அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார். கோபியின் அம்மா குணலட்சுமி என்றார். யாராக இருந்தால் என்ன?

"உங்கடை மகன் வித்த லப்டொப்பாலை என்ரை வேலை போச்சு! மனிசர் பாவிக்கிற சாமானோ அது? வெக்கமில்லையோ உங்களுக்கு?"

அவர் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பிள்ளை... அந்த லப்டொப் உம்மட்டையோ இருக்கு?"

"ஓம்!"

"அது என்ரை சின்னவன் சுபாங்கன்ரை. கடலிலை மூழ்கிச் செத்துப்போனான். நேற்று அவனுக்கு எட்டுச் செலவு. படையலிலை வைக்க உதைத் தேடாத இடமில்லை. மூத்தவன் வித்துப்போட்டானெண்டு நீர் சொல்லித்தான் தெரியும்."

எட்டுச் செலவு என்றால் செத்து எட்டாம் நாள் செய்வது. செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து அறைக்குள் படைத்து, கதவைச் சாத்திவிட்டு, வந்து சாப்பிடச் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம்.

"கணவாய் பொரிச்சு வைச்சனான். கதவைச் சாத்திப்போட்டுக் கூப்பிட்டனான். ஏழு மணி ஆகேல்லை. அறைக்குள்ளை இருந்து ஒரு பெட்டையின்ரை குரல் கத்திச்சுது. ஒருத்தரும் வரமாட்டினம், கத்தாமல் போங்கோ எண்டு."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"உம்மடை குரல்தான் பிள்ளை. இப்ப நீர் கத்தினதும் பிடிச்சிட்டன்."

அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"இலையிலை வைச்சது வைச்சபடி கிடக்கு. அவன் இஞ்சை வரேல்லை..."

குரலை மெல்லத் தாழ்த்தினார்.

"அப்ப அவன் உங்கை உம்மோடைதானே நிக்கிறான்? பசியோடை நிப்பான் பிள்ளை... சாப்பிட ஏதும் குடுத்தனீரோ?"