முழங்கையைத் தூக்குங்க, அண்ணாச்சி!

நீச்சலே தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். கிணற்றில் நீந்திப் பழகியவருக்குச் சொல்லிக்கொடுப்பவன் போன ஜென்மத்தில் பாவம் செய்தவன். 'எனக்குத் தெரியாதா?' என்பவர்களுக்குப் பாடம் நடத்தி நொந்தவர்களே, நீங்களாவது கேளுங்கள்.

சங்கரன்கோவில் நீச்சல்குளம் ஒன்றில் பெரியவர்களுக்கான காலை வகுப்பு என் பிழைப்பு. ஆள் நான்காகக் குறைந்ததும் குளத்துக்காரர் சொன்னார்: "இந்த மாசம் ஆள் சேரலைன்னா கிளாஸை மூடிர வேண்டியதுதான்."

வட்டக் கிணறு

அப்போதுதான் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி அண்ணாச்சி வந்தார். ஒரு கல்யாண வீட்டில் பத்துப் பேர் முன்னால் அவருடைய திருவேங்கடம் ஊர்ச் சம்பந்தி, "உங்களுக்கு நீச்சல்லாம் வருமா?" என்று கேட்டுவிட்டாராம். மாதக் கடைசி ஞாயிறு, எங்கள் குளத்தில் இருவருக்கும் போட்டி. அண்ணாச்சி ஜெயித்தால் எலுமிச்சைச் சந்தையே என்னிடம் சேரும் என்று கணக்குப் போட்டேன்.

நீந்தச் சொன்னேன். பாதியில் இடப்பக்கம் வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். சின்ன வயதிலிருந்து வட்டக் கிணற்றைச் சுற்றியே நீந்திய உடம்பு. வலது கை இழுப்பதில் பாதிகூட இடது கை இழுக்கவில்லை. எடுத்துச் சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னார்: "நான் சரியாத்தான் போறேன் மாஸ்டர், உங்க குளம்தான் நேரா இருக்கு."

சத்தமில்லாத கை

அடுத்த தலைவலி, அடி. அவர் தண்ணீரை அடித்த அடியில் கரையிலிருந்த என் செல்போன் குளித்தது. "கீழே அடிச்சா உடம்பு மேலேதான் தூக்கும். முழங்கையை மேலே நிறுத்தி, முன்கையையும் உள்ளங்கையையும் ஒரே பலகையாக்கித் தண்ணியைப் பின்னால தள்ளுங்க, உடம்பு முன்னால போகும்" என்று தொண்டை வற்றக் கத்தினேன்.

மூன்றாவது வாரம், குளத்தின் ஒரு நீளத்தைக் கடக்க முப்பத்தாறாக இருந்த கைவீச்சு இருபத்திரண்டாகக் குறைந்தது. சத்தமே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. அவருக்குத்தான் திருப்தியில்லை: "மேல் வலிக்கவே இல்லையே மாஸ்டர், யாரையோ ஏமாத்துத மாதிரில்லா இருக்கு."

அண்ணாச்சி வீட்டு அக்கா

ஒருநாள் அவர் மனைவி பயிற்சி பார்க்க வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏன் தம்பி, இவுகளுக்கு மேலுக்குச் சரியில்லையா, கையை வீசவே மாட்டேங்காக?"

அந்த ஞாயிறு

சந்தை மொத்தமும் கரையில். விசில் ஊதினேன். சம்பந்தி அடித்தார் பாருங்கள், முன்வரிசை வேட்டியெல்லாம் நனைந்தது! ஒரே ஆரவாரம். அண்ணாச்சி நூல் பிடித்தாற்போல் போய்ச் சுவரைத் தொட்டபோது சம்பந்தி ஐந்து முழம் பின்னால் இருந்தார். கைதட்டியது நான் ஒருவன்தான். கூட்டம் சம்பந்தியைக் கைதூக்கிவிட ஓடியது.

மறுநாள் காலை வகுப்பில் சேரப் பதினோரு பேர் வந்து நின்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முதலில் நின்றவர் சொன்னார்: "ஜெயிச்சது நம்ம அண்ணாச்சிதான், இல்லேங்கல, ஆனா சம்பந்தி அடிச்சாரே, அந்த நீச்சலைச் சொல்லிக்கொடுங்க மாஸ்டர்."

ஆக, என் வகுப்பும் பிழைத்தது, முழங்கை விஞ்ஞானமும் ஜெயித்தது. இரண்டுக்கும்தான் இப்போது பேச்சுவார்த்தை இல்லை.