உமி மூட்டைக்குள் சித்திரை வெயில்

என் வீட்டுக்காரர் சவுதியிலிருந்து வந்து மாதக்கணக்காகியும் பெட்டி பரண் மேலேயே இருந்தது. பாதித் துணி இன்னும் அதற்குள்தான். "இனிமே போகல" என்று வாய் சொல்கிறது, பெட்டி வேறு சொல்கிறது. நான் எதை நம்புவது? இதே வார்த்தையை ஒவ்வொரு லீவிலும் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அங்கே அவருக்கு இன்சுலேஷன் வேலை. ராக்வுல் என்று ஒரு பஞ்சு, கல்லை உருக்கி நூற்றது. ஆலைகளில் கொதிக்கிற குழாய்களுக்கு அதைச் சுற்றி, மேலே தகடு போர்த்தி, உள்ளே இருக்கிற சூடு வெளியே போகாமல் அடைக்க வேண்டும். கல்யாணமானதிலிருந்து அவர் யாரோ ஒருவருடைய சூட்டைக் காத்துக்கொண்டிருந்தார். நான் இங்கே பூதலூர்ப் பக்கம் வயலைக் காத்துக்கொண்டிருந்தேன்.

குறுவை அறுப்பு எப்போதும் மழையில்தான் வந்து மாட்டும். நெல் ஈரமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். ரோட்டில் கொட்டிக் காயவைப்பதற்குள் அடுத்த மழை வந்து முளைவிட்டுவிடும். இவர் அதற்கு ஒரு வழி சொன்னார்: சித்திரை வெயிலைப் பிடித்து வைத்து ஐப்பசியில் நெல்லைக் காயவைப்பது. கேட்டதும் இவருடைய அண்ணன், என் மூத்தார், சிரித்தார். அண்ணனும் தம்பியும் பங்கு பிரிக்காத நிலம், அதனால் அவர் சொல்லுக்குத்தான் எடை.

"வெயிலு என்ன ஊறுகாயாடா, ஜாடியில போட்டு வைக்க? சரி, கட்டு. ஐப்பசியில சூடு இருந்தா நீ இங்கேயே இரு, சேந்து வெள்ளாமை பாப்போம். இல்லன்னா பேசாம பிளேன் ஏறு. நிலத்த குத்தகைக்கு விட்டுடுறேன்."

இவர் உடனே சரி என்றார். அந்த 'உடனே'தான் என்னை உறுத்தியது. தோற்க ஆசைப்படுகிறவர்தான் இப்படி யோசிக்காமல் தலையாட்டுவார். ஊர் வாயை அடைத்துவிட்டு விமானம் ஏறுவதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா?

களத்து மேட்டில் செங்கல் தொட்டி எழும்பியது. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் பள்ளத்தில் ஊற்று எடுக்கும் என்பதால் மேடு. தொட்டி நிறைய கருங்கல் ஜல்லி. கறுப்புத் தகடும் கண்ணாடியும் வைத்த பெட்டிகளில் காற்று சூடாகி, காற்றை ஊதித் தள்ளும் ப்ளோயர் வழியாக ஜல்லிக்குள் போகும். உள்ளே எவ்வளவு சூடு என்று காட்ட வெளியே முள் வைத்த ஒரு மீட்டர். எல்லாம் சரி. கடைசியில் தொட்டியைச் சுற்றி அடுக்க ரைஸ்மில்லிலிருந்து வண்டி வண்டியாக உமி வந்து இறங்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"அங்க ராக்வுல்லு, இங்க உமியா? தோக்கணும்னே கட்டுறீங்களா?"

"சூட்ட நிறுத்துறது பஞ்சும் இல்ல, உமியும் இல்ல. நடுவுல மாட்டிக்கிற காத்து. அது நகராம இருக்கணும், உமி நனையாம இருக்கணும். அவ்வளவுதான்."

முதலில் உமிச்சாம்பல் மூட்டை, அதற்கு வெளியே உமி மூட்டை, எல்லாவற்றுக்கும் மேலே பிளாஸ்டிக் படுதா. வேலை சுத்தமாகத்தான் இருந்தது. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

எங்கள் பக்கத்தில் வைக்கோல் போர் நனைந்தால் தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். சூடேறியிருந்தால் போர் அழுகுகிறது என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தில், களத்துப் பக்கம் வந்தவர்கள் எல்லாரும் படுதாவைத் தூக்கி மூட்டை இடுக்கில் கையை விட்டார்கள். "ஓட்ட போடாதீங்க, மீட்டரப் பாருங்க" என்று இவர் கெஞ்சினார். யார் கேட்டார்கள்?

"மீட்டர எவன் வேணா திருப்பலாம். கை பொய் சொல்லாது" என்றார் மூத்தார்.

ஆனி வரை மீட்டர் முள் ஏறியது. ஆடியில் நின்றது. ஆவணியில் இறங்க ஆரம்பித்தது, புரட்டாசியில் இன்னும் இறங்கியது. இவர் கொல்லைப்பக்கம் போய் இந்தியில் போன் பேசுவார். எனக்கு இந்தி தெரியாது, ஆனால் 'விசா' என்ற சொல் எந்த மொழியிலும் விசாதானே. இரவில் எதையும் கேட்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். அழுதால் அவருக்குப் போக வசதியாகிவிடும் என்று ஒரு வீம்பு.

ஐப்பசி பிறந்தது. அறுத்த நெல் கொட்டகையில் ஈரமாகக் கிடந்தது. வெயிலைக் கண்ணால் பார்க்கவே முடியவில்லை. ஆனால் முள் இறங்குவது நின்று, மெல்ல ஏறியிருந்தது.

எனக்கு மூக்கில் வேர்த்தது. மீட்டரைத் திருப்பிவிட்டாரா? நானும் கையை விட்டேன். சுட்டது. அப்படியானால் உமி நனைந்து அழுகிச் சூடேறுகிறதோ என்று ஒரு பிடி எடுத்து மோந்தேன். நாற்றமில்லை, மொறமொறவென்று காய்ந்த உமி. அப்போதுதான் வரப்புக்கு அந்தப் பக்கம் மோட்டார் கொட்டகையில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தேன். இந்த மழையில் எவன் தண்ணீர் இறைக்கிறான்?

கொட்டகைக்குப் போனேன். மோட்டார் ஓடவில்லை. சுவிட்சிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் கிளம்பி, வரப்புச் சேற்றுக்குள் புதைந்து, களத்து மேடு ஏறி, வடக்குப் பக்க மூட்டை இடுக்கில் நுழைந்தது; அதன் கூடவே நானும் களத்துக்கு வந்துவிட்டேன். பம்புசெட்டுக்குக் கொடுத்த இலவசக் கரண்டில் உள்ளே ஹீட்டர் போட்டிருக்கிறார்.

ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். போவதற்காக இந்த மனுஷன் ஏமாற்றுவார் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன். இருப்பதற்காக ஏமாற்றியிருக்கிறார். கோபம் வரவேண்டிய இடம் அது. எனக்கு வந்தது சந்தோஷம், வெட்கங்கெட்ட சந்தோஷம்.

அதற்குள் குடையை மடக்கிக்கொண்டு மூத்தார் களத்தில் ஏறினார், பின்னாலேயே இவரும். சட்டைக் கையை மடித்துக்கொண்டு மூத்தார் நேராக வடக்குப் பக்கம்தான் போனார். இவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"மாமா, அந்தப் பக்கம் கைய விடாதீங்க" என்றேன். "இப்பதான் ஒரு பாம்பு உள்ள போச்சு."

மூத்தார் துள்ளி விலகித் தெற்குப் பக்கம் வந்தார். தோள் வரைக்கும் கையை விட்டு, சட்டென்று இழுத்துக்கொண்டு உதறினார்.

"சுடுதுடா தம்பி! சித்திர வெயிலு அப்படியே இருக்கேடா!"

ப்ளோயரைப் போடச் சொல்லி, நெல்லை அள்ளிவர அவரே கொட்டகைக்கு நடந்தார். நாங்கள் இரண்டு பேரும் படுதாவுக்குப் பக்கத்தில் நின்றோம்.

"பாம்பா?" என்று இவர் மெதுவாகக் கேட்டார்.

"ஆமா. கறுப்பா, நீளமா. மோட்டார் கொட்டகையிலேருந்து வந்துச்சு."

அன்று சாயங்காலம் அவர் ஏணி வைத்துப் பரண் மேல் ஏறிப் பெட்டியை இறக்கி, உள்ளே இருந்த துணியையெல்லாம் எடுத்து என் பீரோவில் அடுக்கினார்.