சோடியம் இல்லாத புட்டி

தங்கபாயின் அப்பாவுக்கு ஆரியசாலைக் கடைத்தெருவில் உப்பு மொத்தக் கடை. 1986இல் அவள் எங்கள் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக டெக்னீஷியன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் வெங்கடகிருஷ்ணன் எழுதிக் கொடுத்தால்தான் வேலை நீளும். நான் அதே அறையில் டைப்பிஸ்ட்.

ரத்தத்தின் வெள்ளை அணு கிருமியோடு மல்லுக்கு நிற்கும்போது அதனுள் அமிலம் ஊறுகிறது. தேங்கவிட்டால் அணு சோர்ந்துபோகும். ஆகவே வெளியிலிருந்து ஒரு சோடியம் அயனியை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுகிறது. ஹைட்ரஜன் போனால் அமிலம் குறையும். இதைக் காட்டத்தான் சோதனை. அணுவுக்குள் ஒளிரும் சாயம் ஏற்றுவார்கள். அமிலம் கூடினால் ஒளி மங்கி, கருவியின் பேனா கீழே இறங்கும், குறைந்தால் ஏறும். ரத்தத்தில் உள்ள சோடியம் போகக் கழுவிய அணுக்களைச் சோடியமே இல்லாத கரைசலில் விட்டால், இறங்கிய பேனா அப்படியே கிடக்க வேண்டும்.

அன்று மெல்ல ஏறியது.

"என்ன தங்கபாய், உப்புக் கடைக் கையோட நேரா வந்துட்டியா?" என்றார் டாக்டர். மாணவர்கள் சிரித்தார்கள்.

சோதனைப் புத்தகத்தில் 'அணுக்களைச் சரியாகக் கழுவவில்லை, தவறு என்னுடையது' என்று அவரே எழுதி அவள் முன் தள்ளினார். "கையெழுத்தைப் போடு. திங்கட்கிழமை உன் ஆர்டர் வேற எழுதணுமோன்னோ."

"போடமாட்டேன் சாரே. மூணு தடவை கழுவினேன்."

"பின்னே சோடியம் எங்கேர்ந்து வந்துது? ஆகாசத்துலேர்ந்தா?"

"காலையில நான் ரத்தம் எடுக்கப் போனப்போ கரைசலுக்குப் பி.எச். சரி பண்ணினது ஆரு?"

அவள் அமில அளவு காட்டும் பி.எச். மீட்டர் பக்கத்தில் இருந்த புட்டியைத் தூக்கிக் காட்டினாள். சோடியம் ஹைட்ராக்சைடு. மற்ற கரைசலுக்கெல்லாம் அதுதான். பழகின கை தானாக அதற்குப் போகும். இதற்கு மட்டும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட வேண்டும். அவர் விட்டதை நானும் காலையில் பார்த்திருந்தேன். வாய் திறக்கவில்லை.

"ரெண்டு சொட்டுல என்ன ஆயிடப்போறது?"

"புட்டி கால்வாசி காலி சாரே. எவ்வளவு விட்டா உப்பு கரிக்கும்னு உப்புக் கடைக்காரிக்குத் தெரியும்."

புதுக் கரைசல் கலக்கினாள். ஒரு மாணவனிடம் தன் கையிலிருந்தே ரத்தம் எடுக்கச் சொன்னாள். மாலைக்குள் அணுக்களைப் பிரித்து, சாயம் ஏற்றி, கருவியில் வைத்தாள். பேனா இறங்கியது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், கோடு தரையோடு தரையாக ஓடியது. பிறகு துளி உப்புக் கரைசல் விட்டாள். பேனா விருட்டென்று ஏறியது.

"சரி, சரி. பழைய பக்கத்தைக் கிழிச்சுடு" என்றார் டாக்டர்.

"பக்கம் கிழிக்கப்படாதுன்னு முதல் நாளே சொன்னது நீங்கதானே?"

அவர் எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்தாள். கீழே, 'பி.எச். சரிசெய்தது சோடியம் ஹைட்ராக்சைடால். செய்தவர் டாக்டர் வெங்கடகிருஷ்ணன்' என்று எழுதிப் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"நான்தான் விட்டேன்னு ஆராவது பார்த்தாளா?" என்றார் அவர், சுற்றிலும் கண்ணோட்டி.

"நான் பார்த்தேன் சார்." என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை ஆர்டரை அவர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் செய்தேன். ஆறு மாதம் இல்லை, மூன்று. தங்கபாய் வாசித்துப் பார்த்து நாலாக மடித்தாள்.

"மூணு மாசம் மதி, அது போதும்," என்றாள். "புஸ்தகத்துல இன்னும் நிறைய பக்கம் கிடக்கு."