வயலில் கிடைத்த முருகன்

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குள் இருக்க முடியாமல்தான் நவரத்தினம் உலோகம் தேடும் கருவியொன்றை வாங்கினார். ஜெர்மனியின் ஹனோவரில் அவர் வேலை செய்த தொழிற்சாலை ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. மகள் மிதுஷா ஹம்பேர்க்கில். மனைவி யோகம் கொரோனாக் குளிர்காலத்தில் காலமாகிவிட்டார். ஆஸ்பத்திரிக்குள் ஒருவரையும் விடாத காலம் அது. கையைப் பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் யோகம் தனியே போனதை அவரால் தாங்கவே முடியவில்லை. "என்னைத்தான் உள்ளுக்கு விடேல்லை. உன்னை ஆர் மறிச்சது?" என்று முருகனிடம் கேட்டுவிட்டுச் சாமி அலுமாரியைப் பூட்டியவர்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் விளக்கேற்றவில்லை.

காதில் ஹெட்போனும் தலையில் கம்பளித் தொப்பியுமாக ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் உழுத வயலில் குனிந்து குனிந்து நடப்பதைப் பார்த்து விவசாயிகள் முதலில் முழித்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். இந்த நாட்டில் நிலத்தைக் கிண்டுவதற்கும் அன்ட்ராக் என்ற விண்ணப்பம் போட்டு, வகுப்புக்குப் போய் அனுமதி வாங்க வேண்டும். நவரத்தினம் அதையெல்லாம் ஒழுங்காக முடித்தவர். பழைய பொருள் எது கிடைத்தாலும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், கழுவவே கூடாது என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அவருக்குக் கிடைத்ததோ பியர் மூடிகள்தான்.

அறுவடை முடிந்த ஒரு வயலில் கருவி கூவியது. தோண்டினால் உடைந்த வெள்ளி மோதிரம். அதில் சின்னவிரல் நகமளவு சிவப்புக் கல். மண்ணைத் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். கல்லில் ஓர் உருவம் வெட்டியிருந்தது. கோவணம்கூட இல்லாத இளைஞன், கையில் தண்டு, மறுகையில் சின்னப் பை, காலடியில் சேவல். நவரத்தினம் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். ஆண்டிக் கோலம், திருநீற்றுப் பை, சேவல், போதாததற்குக் கல்லும் செந்நிறம். இன்னும் என்ன அத்தாட்சி வேண்டும்? மயிலைத்தான் காணவில்லை. நகமளவு கல்லில் மயிலுக்கு எங்கே இடம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வகுப்பில் படித்ததெல்லாம் காற்றில் போனது. வீட்டுக்கு வந்ததும் கல்லுக்குப் பாலால் அபிஷேகம் செய்து திருநீறு சாத்தினார். அலுமாரியைத் திறந்து, நடுவில் வைத்து விளக்கேற்றினார். அன்றுமுதல் அந்த வீட்டில் பேச்சுக்குரல் கேட்டது. கறியில் உப்புக் கூடியதும் கீழ்வீட்டுக்காரி முகம் கொடுக்காததும் முருகனிடம் முறைப்பாடாகப் போயின. யோகத்தைத் தனியே விட்டவனுக்கு என்னைத் தனியே விட மனம் வரவில்லையாக்கும் என்று கோபமும் பாதி தணிந்தது.

மிதுஷா தொலைபேசியில் படத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"அது முருகனாய் இருக்காது அப்பா. கொண்டுபோய்க் குடுங்கோ. ஒளிச்சு வச்சிருந்தால் பிழை."

"ஆர் ஒளிக்கிறது? கொண்டுபோறன். அவையே சொல்லட்டும், முருகன் எண்டு."

"பிறகு திருப்பித் தருவினமோ?"

தரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் தன்னைத் தேடி வந்தது முருகன்தான் என்று விஷயம் தெரிந்த ஒருவர் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது. அந்த ஒரு சொல் போதும், மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம்.

தொல்லியல் அலுவலகத்தில் ஃபிராவ் ஹென்னிங் என்ற பெண் ஆய்வாளர் கல்லை உருப்பெருக்கிக்கு அடியில் வைத்தார்.

"கோடுகளுக்குள் வெள்ளைப் பொடி இருக்கிறதே?"

"சாம்பல்," என்றார் நவரத்தினம்.

"யாருடைய சாம்பல்?" அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டார்.

மாட்டுச் சாணத்தின் சாம்பல் என்று ஜெர்மன் மொழியில் விளக்கி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. கழுவியதற்கு வாங்க வேண்டிய பேச்சையும் வாங்கிக்கொண்டார்.

"இது முத்திரைக் கல். அழுத்திப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும்," என்று அந்தப் பெண் கல்லை மெழுகுக் களிமண்ணில் பதித்து எடுத்தார். இளைஞன் எழும்பி வந்தான். தலைத் தொப்பியில் இரண்டு சிறகுகள். தண்டில் இரண்டு பாம்புகள் பின்னிக் கிடந்தன.

"மெர்க்கூர். ரோமர்களின் கடவுள். வணிகர்களுக்குக் காவல், அதனால்தான் கையில் காசுப் பை. சேவல் அவருடைய பறவை. அருமையான பொருள். இது இனி எங்களிடம்தான் இருக்கும்."

நவரத்தினத்துக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாளும் முன்பின் தெரியாத யாரோ ஒரு ரோமனிடம் கறிக்கு உப்புக் கூடிய கதையைச் சொல்லியிருக்கிறார். முருகன் வரவில்லை. யாரும் வரவில்லை. நெஞ்சு வெறுமையாகிப் போனது.

முகம் வாடியதைப் பார்த்து ஃபிராவ் ஹென்னிங் ஆறுதலுக்கு ஏதாவது சொல்ல நினைத்தார். "இவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. இறந்தவர்களைத் தனியே அனுப்பமாட்டார். வழிகாட்டிக்கொண்டு கூடவே போவார்."

போக எழுந்த நவரத்தினம் மறுபடி உட்கார்ந்தார்.

"எல்லோருடனுமா?"

"அப்படித்தான் நம்பினார்கள்."

"ஆஸ்பத்திரியில் இருந்தாலும்? வேறு நாட்டவர் என்றாலும்?"

அந்தப் பெண் உருப்பெருக்கியை ஒதுக்கி வைத்து அவரைப் பார்த்தார். பிறகு, "போவார்," என்றார்.

முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் முன்னால் நவரத்தினம் வாய்விட்டு அழுதார். அழுது முடிந்ததும் கையெழுத்துப் போட்டுக் கல்லைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்று மாலை மிதுஷா அழைத்தாள்.

"முருகனோ அப்பா?"

"இல்லைப் பிள்ளை. வேற ஆள். குடுத்திட்டு வந்திட்டன்." தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினார். "அம்மா தனியப் போகேல்லையாம்."

மிதுஷாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவின் குரல்தான் என்னவோ செய்தது. "அப்ப நீங்கள், அப்பா?"

"நான்தான் பிள்ளை தனிய," என்றார். யோகம் போன பிறகு தன்னைப் பற்றி அவர் அந்தச் சொல்லை மகளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.