அறுந்த கம்பியும் அமாவாசையும்

எழுபதுகளின் நடுவில் காஞ்சிபுரத்துக்கு மாற்றலாகி வந்தேன். மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. எந்த ஊர் வேண்டும் என்று ஆபீஸில் கேட்டார்கள். எந்த ஊராக இருந்தால் என்ன என்றேன். அதையே சாக்காக வைத்து இங்கே தள்ளிவிட்டார்கள். நெசவாளர் தெருவில் ஒரு வீட்டின் முன்பகுதி வாடகைக்குக் கிடைத்தது. தெரு முழுக்கத் தறிச் சத்தம். விளக்கு வைக்கும்வரை ஓயாது. புதிதாக வருபவர்களுக்குத் தலைவலி வரும் என்று பயமுறுத்தினார்கள். எனக்கு வரவில்லை. சத்தமில்லாத வீட்டைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இசைக்கவைக் கடிகாரப் பைத்தியம் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ரப்பர் கட்டையில் தட்டிக் காதருகே காட்டுவாரே, அந்த இசைக்கவையை நகத்தளவுக்குச் சுருக்கிக் கைக்கடிகாரத்துக்குள் வைத்திருப்பார்கள். சாவி கொடுக்க வேண்டாம். பொத்தான் அளவு பேட்டரி ஒன்று அதை அதிரவைக்கும். டிக் டிக் கிடையாது. காதில் வைத்தால் 'ம்ம்ம்' என்று ஒரே ரீங்காரம். விநாடி முள் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். வெளிநாட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவர்கள், பேட்டரி தீர்ந்ததும் மாற்று கிடைக்காமல் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அவை சென்னை மூர் மார்க்கெட்டில் குப்பையோடு குப்பையாகக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவேன். காது கேளாதவர்கள் மாட்டிக்கொள்ளும் மிஷினுடைய பேட்டரியைப் போட்டுப் பார்ப்பேன். ஒன்றிரண்டு உயிர் பெறும்.

ராஜவீதிக் கடிகாரக் கடைக்காரரிடம் பெருமையாக ஒன்றைக் காட்டினேன். காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார், உள்ள கொசு மாட்டிக்கினு இருக்குதா?" என்றார். அதற்குப் பிறகு யாரிடமும் காட்டவில்லை. ராத்திரி படுக்கும்போது தலைமாட்டில் வைத்துக்கொள்வேன். வீட்டில் இன்னொருவர் வாயை மூடிக்கொண்டு ஏதோ முனகுவது போல இருக்கும். அந்த நினைப்புக்காகத்தான் இத்தனை அலைச்சலும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருந்ததிலேயே அழகான கடிகாரம் ஓடவில்லை. அதற்கு முகப்புத் தட்டு கிடையாது. கவையும் அதன் இரண்டு பக்கமும் இருந்த செம்புச் சுருள்களும் கண்ணாடி வழியாகவே தெரியும். ஒரு சுருளின் கம்பி, வெளியே வரும் இடத்தில் அறுந்திருந்தது. தலைமுடியைவிட மெல்லிய கம்பி. இடுக்கியால் தொட்டாலே இன்னும் கொஞ்சம் ஒடிந்தது.

ஒருநாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து திரும்பினால் தெருவே பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது. யாரோ இறந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அமாவாசை; அன்றைக்கு யாரும் தறியில் இறங்கமாட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. ஜன்னலோரம் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கம்பியோடு போராடிக்கொண்டிருந்தேன். தெருவில் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டு நெசவாளர் நின்று பார்த்தார். என் வயதுதான் இருக்கும்.

"அறுந்த இழையா சார்? இப்படிக் குடுங்க. நமக்கு இதானே பொழப்பு."

அவர் சொன்னது உண்மைதான். தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்குப் பாவு என்று பெயர். ஒரு பாவு முடிந்து புதுப் பாவு ஏற்றும்போது, பழைய இழையின் நுனியையும் புது இழையின் நுனியையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து விரலால் முறுக்குவார்கள். வழுக்காமல் இருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். வீட்டுக்குப் போய்ச் சாம்பல் கொண்டுவந்தார். நான் துண்டுக் கம்பி ஒன்று கொடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கினார். எது எங்கே சேர்ந்தது என்றே தெரியவில்லை. பேட்டரி போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு இருக்கும். அதைச் சுரண்டாமல் சேர்த்தால் மின்சாரம் தாண்டாது என்று எனக்கே அப்புறம்தான் உறைத்தது.

அவரிடம் சொன்னேன். "சாயம் போவாத பட்டு மாதிரி இருக்குதே" என்று சிரித்தார். "உடுங்க சார், அடுத்த அமாவாசைக்குப் பாத்துக்கலாம்."

அடுத்த அமாவாசைக்கு, சொன்னபடியே தலை முழுகி விபூதியோடு வந்தார். பூச்சை எரிக்க விளக்கில் காட்டினோம், கம்பியே உருகிப்போனது. அதற்கடுத்த அமாவாசைக்குப் பிளேடால் சுரண்டினோம், ஒடிந்தது. இடையிடையே பேசினோம். அவருக்கு மாகறலில் கட்டிக்கொடுத்த மூத்த பெண் மாசமாக இருந்தாள். என் மனைவி எப்படி இறந்தாள் என்று கேட்டார். ஊரில் யாரும் கேட்காத கேள்வி. சொன்னேன். எனக்கு அழுகை வந்தது. அவர் தலையைத் தூக்காமல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை. அப்புறம் காலண்டரில் அமாவாசை எப்போது வருகிறது என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

கோடை முடியும் சமயம், ஒரு அமாவாசையன்று கம்பி சேர்ந்தது. ரேடியோ ரிப்பேர் கடையில் இரவல் வாங்கிய சூட்டுக்கோலால் ஈயம் ஒரு பொட்டு வைத்தேன். பேட்டரியைப் போட்டதும் முள் வழுக்க ஆரம்பித்தது. அவர் காதில் வைத்தார். முகம் குழந்தை முகமாகிவிட்டது.

"பாடுது சார்! பாடுதுபா!"

இரண்டு பேரும் மாறி மாறிக் காதில் வைத்துக்கொண்டோம். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகுநாளாகியிருந்தது.

அடுத்த அமாவாசையன்று ஆபீஸில் சொல்லிவிட்டுச் சீக்கிரமே வந்தேன். ஹோட்டலில் மெதுவடை வாங்கி வைத்தேன். அவர் வந்தார். ஆனால் செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றார்.

"ஓடுதா சார்?"

"ஓடுது."

"அப்பறம் இன்னா! ரொம்ப சந்தோசம் சார்" என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். உள்ளே வாருங்கள், வடை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். கடிகார வேலை இல்லாமல் அவரை எதற்குக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

தறி ஓடாத நாள். பக்கத்து வீட்டுப் பேச்சு அப்படியே கேட்டது.

"இன்னா, போன உடனே வந்துட்ட?" என்றாள் அவர் மனைவி.

"அதான் வாட்ச் ஓடுதே. சும்மா போயி குந்திக்கினு இருந்தா சாருக்குத் தொந்தரவு. தனியா இருக்கற மனுசன், நிம்மதியா இருக்கட்டும்."