முதல் பரிசு பெற்ற தாள்

சனிக்கிழமை, காலை 6.10. கோயம்பேட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகும் பேருந்து. டிக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய். ஊரின் பெயர் புதுச்சேரி என்று மாறிச் சில மாதங்கள் ஆகியும் பேருந்தின் பலகையில் பாண்டிச்சேரி என்றே இருந்தது.

முத்தியால்பேட்டையில் ஒரு பள்ளியின் பாரம்பரிய மன்றம் நடத்தும் கண்காட்சிக்கு நடுவராகப் போய்க்கொண்டிருந்தேன். பத்திரிகைக்காரன் என்று அழைத்ததால் நவம்பரில் அதே மாணவர்களிடம் முக்கால் மணி நேரம் பேசியிருந்தேன். நாட்டின் பாரம்பரியம் கோபுரத்திலும் கோட்டையிலும் மட்டும் இல்லை, உங்கள் வீட்டுப் பீரோவிலும் இருக்கிறது. வீட்டிலேயே மிகப் பழைய காகிதத்தைத் தேடுங்கள், அது என்ன என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள் என்பது பேச்சின் சாரம். இருபத்தாறு பேர் தேடி எடுத்திருப்பதாகச் சரித்திர ஆசிரியை தமிழ்ச்செல்வி தொலைபேசியில் சொன்னார். குரலில் பெருமை தெரிந்தது.

9.40. பேருந்து நிலையத்திலிருந்து முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்கு ஷேர் டெம்போ, நான்கு ரூபாய். ஆறு பேர் உட்காரும் வண்டியில் ஒன்பதாவது ஆளாக ஏறினேன்.

"நவுந்து குந்துங்க சார், எடம் இருக்குது," என்றார் ஓட்டுநர்.

"எங்க இருக்குது? உன் மடியிலயா?" என்றார் மீன்கூடையோடு இருந்த பெண். வண்டி சிரித்துக்கொண்டே கிளம்பியது.

10.15. பள்ளியின் மாடியில் நீளமான வகுப்பறை. ஜன்னல் வெளிச்சத்தில் நான்கு சுவரும் பளபளத்தன. கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அருகே போனேன். சட்டம் இல்லை. இருபத்தாறு தாள்களும் லேமினேஷன் செய்யப்பட்டிருந்தன. நகல்கள் அல்ல, அசல்கள். பிரெஞ்சு மொழியில் எழுதிய திருமணப் பதிவு, கப்பல் டிக்கெட், துணிக்கடை உரிமம், நிலப் பத்திரம். எல்லாம் கெட்டிப் பிளாஸ்டிக்குக்குள் உருகி ஒட்டிக்கிடந்தன. நான்கு மூலையிலும் ஆணி.

லேமினேஷன் இயந்திரத்தின் சூடான உருளைக்குள் போன பழைய காகிதம் பழையபடி திரும்பி வராது.

"எப்படி சார் இருக்குது?" என்றார் தமிழ்ச்செல்வி. "போன வாரம் பூரா இதே வேலைதான். அவங்களே காசு சேத்து, கடைக்கு எடுத்துட்டுப் போய்ப் போட்டுட்டு வந்தாங்க. ஒருத்தரும் கிழிக்கல, கசக்கல."

"லேமினேஷன் யார் யோசனை?"

"நீங்க சொன்னதுதானே!" ஒரு மாணவியின் நோட்டைப் புரட்டிக் காட்டினார். நவம்பர் பேச்சின் குறிப்பு. 'கடல்காற்று காகிதத்தைத் தின்னும். காற்றும் ஈரமும் படாமல் பத்திரப்படுத்த வேண்டும்.' வார்த்தை மாறாமல் நான் சொன்னது. எப்படிப் பத்திரப்படுத்துவது என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை என்று நினைத்திருக்கிறேன். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு என்று மதிப்புள்ள எதையும் பிளாஸ்டிக்கில் போடுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறவர்கள் அவர்கள்.

இருபத்தாறு முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. விழா முடியட்டும், பிறகு ஆசிரியையிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். மதிப்பெண் போடத் தொடங்கினேன்.

11.30. முதல் பரிசு மெர்லினுக்கு. பிளஸ் ஒன் படிக்கும், படபடவென்று பேசும் பெண். அவள் கொண்டுவந்தது அவளுடைய தாத்தாவின் தாள். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ஊர் இந்தியாவோடு சேர்ந்தபோது, 'நான் பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்கிறேன்' என்று எழுதிக் கொடுத்ததற்கான அத்தாட்சி. இந்த ஊரில் இதை 'ஒப்ஸியோன் பேப்பர்' என்கிறார்கள். தாளுக்கு அருகே மெர்லின் ஒட்டியிருந்த ஒரு பக்கக் குறிப்பு அன்றைய குறிப்புகளில் ஆகச் சிறந்தது. கை தட்டினார்கள். ரோஜா நிற ரிப்பனை அந்தத் தாளின் மேலேயே குத்தினார்கள்.

11.50. பெற்றோர் வரத் தொடங்கினர். மெர்லினின் அம்மா லூர்துமேரி நெல்லித்தோப்பில் தையல் கடை வைத்திருக்கிறார். கழுத்தில் அளவு நாடாவோடு படியேறி வந்தார். மகளின் பெயரைப் பார்த்துச் சிரித்தார். தாளைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது.

"ஏய், இது ஜெராக்ஸுதானே?"

"ஒரிஜினல்மா. நீதான் பீரோல துணிக்கு அடியில வெச்சிருந்தியே. இனிமே நூறு வருசம் ஆனாலும் ஒண்ணும் ஆவாது."

லூர்துமேரி பிளாஸ்டிக்கின் மேல் விரலை வைத்துக் கீழ் மூலையில் தடவினார். மறுபடி தடவினார். அந்த இடத்தில் மையில்லாத அழுத்து முத்திரை இருந்ததாம். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். இப்போது விரலுக்கும் தெரியவில்லை. சூட்டில் சமமாகிவிட்டது.

"திங்கக்கெழம காட்டணும்டி இத," என்றார். குரல் ஏறவில்லை. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். தகப்பனார் வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு அவர் மனுப் போட்டிருக்கிறார். திங்கட்கிழமை அசல் தாள்களோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். மெர்லினுக்குப் பதினெட்டு ஆவதற்குள் முடிந்தால்தான் தாயின் மனுவில் மகளையும் சேர்க்கலாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. பள்ளியில் ஒரு வருடம் பிந்திச் சேர்ந்த பெண். பதினெட்டு ஆக நான்கு மாதம்தான் இருக்கிறது. பிரான்சில் நர்ஸ் படிப்பு என்பது தாயின் கணக்கு. மகளிடம் இன்னும் சொல்லவில்லை. நிச்சயமாகட்டும் என்று காத்திருந்தார்.

மெர்லின் ரிப்பனைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தாள்.

12.30. மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில், லேமினேஷன் போட்ட ஜெராக்ஸ் கடைக்குத் தாயும் மகளும் நானும் போனோம். உரிமையாளர் ரஹீம் பாய் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பிரிச்சா எழுத்து பிளாஸ்டிக்கோட வந்துடும் மேடம். நான் அப்பவே கேட்டேன், ஒரிஜினலையாம்மா போடப் போறேன்னு. ஒரு தடவ இல்ல, மூணு தடவ கேட்டேன். மெட்ராஸ்லேந்து பெரிய பத்திரிகைக்காரர் வந்து சொல்லிட்டுப் போனாருன்னுதுங்க பசங்க. நான் என்னா படிச்சவனா, எதுத்துப் பேச?"

யாரும் என் பக்கம் திரும்பவில்லை. நானே சொன்னேன்: "அது நான்தான் பாய்."

பாய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்க சார்," என்றார். டீ சொன்னார்.

மாலை ஊர் திரும்புவதாக இருந்தவன் திரும்பவில்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே இருநூற்று ஐம்பது ரூபாய்க்கு ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரே ஒரு பக்கம் எழுதினேன். தாளுக்கு என்ன ஆனது, யார் சொல்லி ஆனது என்று நாள், நேரத்தோடு எழுதிக் கையெழுத்திட்டேன். எத்தனையோ விபத்துகளைப் பற்றி எழுதியிருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதியது இதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை, காலை 8.20. கடற்கரைப் பக்கம், பிரெஞ்சு அலுவலகத்தின் வாசல். மனுதாரர் அல்லாதவருக்கு அனுமதியில்லை. நான் எழுதிய பக்கத்தையும் வாங்கிக்கொண்டு தாயும் மகளும் உள்ளே போனார்கள். நான் எதிர்ச் சுவரோரம் நின்றேன்.

10.05. வெளியே வந்தார்கள்.

"உள்ள இருந்த ஆபீசர் அம்மா நல்லாத்தான் பேசினாங்க," என்றார் லூர்துமேரி. "இத அப்டியே எடுத்துக்க முடியாதாம். மேல மூலையில நம்பர் தெரியுதாம், அத வெச்சு பிரான்சுல இருக்கற ரிஜிஸ்தர்லேந்து காப்பி கேட்டு எழுதுவாங்களாம். மூணு மாசத்துல வந்தாலும் வரலாம், ஆறு மாசம் ஆனாலும் ஆவலாம்னாங்க. உங்க லெட்டர வாங்கி ஃபைல்ல வெச்சுக்கிட்டாங்க."

நான்கு மாதம். மூன்றுக்கும் ஆறுக்கும் நடுவில்.

மன்னிப்புக் கேட்டேன். "புள்ளைங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க," என்று லூர்துமேரி சொல்லி முடிப்பதற்குள் மெர்லின் குறுக்கிட்டாள்.

"சார், சனிக்கெழம நீங்க உள்ள வந்தவுடனே ஒங்களுக்குத் தெரிஞ்சுதா, இல்லியா?"

"தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன் சார் ப்ரைஸ் குடுத்தீங்க?"

"மெர்லின், சும்மா இரு," என்றார் தாய்.

"நீங்க எல்லாரும் சந்தோஷமா இருந்தீங்க. கெடுக்க மனசு வரல."

"மத்த இருவத்தஞ்சு பேரும் இப்பக்கூட சந்தோஷமாத்தான் சார் இருக்காங்க," என்றாள்.

11.40. பேருந்து நிலையம். சென்னை வண்டி புறப்படத் தயாராக இருந்தது. ஜன்னலோர இருக்கை கிடைக்கும். நான் ஏறவில்லை. தமிழ்ச்செல்விக்குத் தொலைபேசி செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "இத ஏன் சார் சனிக்கெழமையே..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். இருபத்தைந்து முகவரிகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார். எழுதிக்கொண்டேன்.

12.25. முதல் வீடு, ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் சாலையை ஒட்டிய தெரு. நிலப் பத்திரம் கொண்டுவந்த மாணவனின் அப்பா கதவைத் திறந்தார். விவசாயி, மதியத்துக்கு மேல் நகரத்தில் ஒரு சிமென்ட் கடையில் வேலை. நான் யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்தது.

"வாங்க சார், வாங்க! பத்திரத்த என்னமா பண்ணிக் குடுத்துட்டீங்க! தண்ணியே ஊத்தினாலும் ஒண்ணும் ஆவாது. இன்னும் ரெண்டு இருக்குது, இருங்க."

உள்ளே போய் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். மடிப்புகளில் விரிசல் விட்ட இரண்டு முத்திரைத்தாள்கள். மை மங்கவில்லை.

"நாளைக்கிக் கடைக்கு எடுத்துட்டுப் போலாம்னு இருந்தேன். நீங்களே வந்துட்டீங்க. இதுங்கள என்னா பண்ணணும், சொல்லுங்க."

"ஒண்ணும் பண்ணாதீங்க," என்றேன்.

அவர் குழப்பத்தோடு பார்த்தார். "ஒண்ணும் பண்ணாம எப்பிடி சார் காப்பாத்தறது?"

நவம்பரில் நான் பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்வி அது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், என்ன கெட்டுப்போனது என்று காட்ட, அவர் பையன் பள்ளிக்குக் கொண்டுபோன பத்திரத்தை முதலில் எடுத்துவரச் சொன்னேன்.