கழித்த பிறகு மிஞ்சிய கடிதம்

அலுவலகத்தில் அவரைச் 'சதவீதம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பிற கம்பெனிகளுக்காக விளம்பர மெயில் அனுப்பி, எத்தனை பேர் திறந்தார்கள், எத்தனை பேர் பதில் போட்டார்கள் என்று ரிப்போர்ட் கொடுப்பது அவர் பிழைப்பு. சாப்பாடு எப்படி என்று கேட்டால்கூட, "எண்பது சதவீதம் பரவாயில்ல" என்கிற மனுஷன். அப்படிப்பட்டவர்தான் பெற்ற மகள் விஷயத்தில் ஏமாந்துபோனார். பாசம் வந்தால் கணக்காவது, ஒன்றாவது!

மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போய் ஒரு வருஷம் ஆகிறது. இவர் பேசிய பேச்சில் போன் நம்பரையே மாற்றிவிட்டாள். மிச்சமிருந்தது அவளுடைய ஆபீஸ் மெயில் முகவரிதான். வாராவாரம் அதற்கு எழுதினார். பழக்க தோஷம், தன் ஆபீஸ் மென்பொருள் வழியாகவே அனுப்பினார். ஒவ்வொன்றும் போன கையோடு 'திறக்கப்பட்டது' என்று காட்டியது.

"உடனே திறந்துடறா பாரேன். கோபம் இருந்தா திறப்பாளா?" என்பார் மனைவியிடம்.

"அழுத்தக்காரி, உங்கள மாதிரியே. பதில் மட்டும் போட மாட்டா," என்பாள் அவள். அன்று முழுக்க அவள் முகத்தில் சிரிப்பு இருக்கும்.

போன புதன்கிழமை மேலாளர் கூப்பிட்டார். "என்ன சார் இது? நூறு மெயில் போய் நூறும் திறந்திருக்கு, ஒருத்தர்கூட பதில் போடலையே?"

"மனுஷங்க திறக்கல சார். வைரஸ் இருக்கான்னு அவங்க கம்பெனி மெஷினே முதல்ல திறந்து பாக்கும். வந்த ரெண்டு செகண்டுக்குள்ள திறந்ததையெல்லாம் கழிச்சிடணும்."

சொல்லும்போதே மகள் பெயருக்கு நேரே வந்த 'திறக்கப்பட்டது' எல்லாம் ஞாபகம் வந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துவதே அவர்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

இடத்துக்கு வந்து மகளுக்குப் போன நாற்பத்திரண்டு கடிதங்களையும் அதேபோல் கழித்தார். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியது போயிற்று. அப்பா பேசியது தப்பும்மா என்று எழுதியது போயிற்று. நாற்பத்தொன்றும் போய், ஒன்று மட்டும் நின்றது. அவள் போன அன்றைக்கு ஆத்திரத்தில் அனுப்பிய முதல் கடிதம். வெட்கத்தில் அதை அவர் அப்புறம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. நெஞ்சு உடைந்துபோயிற்று மனிதருக்கு.

வீட்டுக்குள் நுழைந்ததுமே மனைவி கேட்டாள். "இந்த வாரமும் படிச்சாளா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "எல்லாம் மெஷின் திறந்ததும்மா. ஒண்ணே ஒண்ணுதான் அவ படிச்சிருக்கா."

அவள் மெல்லக் கேட்டாள். "எதுங்க? நான் சொல்லச் சொல்ல எழுதினீங்களே, அதுவா?"

"இல்ல. உனக்குக் காட்டாம ஒண்ணு அனுப்பினேன். 'எங்களப் பொறுத்தவரைக்கும் நீ செத்துட்டே'ன்னு எழுதினேன்."

"அதையா படிச்சா?"

"ஒன்பது தடவ," என்று சொல்லி அவர் அழுதார்.